பறிபோனதும் ஒப்புக்கொடுத்ததும்

தவக்காலம் எமது பகுதிகளில் ஒரு குறிப்பான நேரத்தில் வந்து சேருகிறது. காலபோக நெல்லை வெட்டி, சூடடித்து, கடனுக்கு அளந்து கொடுத்து, மிஞ்சியதைச் சாக்கில் கட்டுகிற நாட்களை அண்டித்தான் சாம்பல் புதன் வரும். வயல் கையில் உள்ளவர்களுக்கு இப்படி. வயலை விட்டு வந்தவர்களுக்கோ அது பிறருடைய வயலில் கூலிக்கு அருவி வெட்டுகிற காலம். இரு சாராரும் ஒரே ஆலயத்தில் முழந்தாளிட்டுச் சிலுவைப்பாதை செய்கிறோம்.

அப்போது ஒரு பேச்சு அடிக்கடி எம் காதில் விழுகிறது. நீங்கள் இழந்ததெல்லாம் ஆண்டவருக்குக் கொடுத்த பலி, இது உங்கள் சிலுவை, முறுமுறுக்காமல் சுமவுங்கள் என்று சொல்லப்படுகிறது. ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள். வேறு என்ன சொல்வதென்று தெரியாமலும் சொல்லலாம். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டவர்களும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழைக்குள் செம்மணி வெளியைக் கடந்தவர்களும், 2009 இல் மெனிக் பாம் கூடாரங்களில் இருந்தவர்களும் இப்படியான வார்த்தைகளைக் கேட்டே வந்திருக்கிறார்கள். கேட்டவர்களில் பலர் தலையசைத்தார்கள். சிலருடைய மனதில் மட்டும் ஒரு கேள்வி கிடந்து உறுத்தியது. "நான் கொடுக்கவில்லையே. என்னிடமிருந்து எடுத்தார்கள். எடுத்ததை நான் கொடுத்தது என்று சொன்னால், எடுத்தவர்களுக்கு என்ன பெயர்?"

இந்தக் கேள்வி விசுவாசக் குறைவினால் வருவதன்று. கிறிஸ்துவின் பலி இன்னதென்று விளங்கிக்கொள்வதற்கு இதைவிட நேரான வாசல் இல்லை என்றே நாம் எண்ணுகிறோம். ஆகவே இத் தவக்காலத்தில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு விவிலியத்துக்குள் போய்ப் பார்ப்போம்.

நாபோத்தின் தோட்டம்

காணி பறிபோன கதை விவிலியத்திலேயே இருக்கிறது. அரசர்கள் முதலாம் நூலில் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இஸ்ரயேல் நாட்டில் நாபோத் என்ற ஒரு கமக்காரன். அவனுடைய திராட்சைத் தோட்டம் ஆகாபு அரசனின் அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்தது. அதுதான் அவனுக்கு வந்த வினை. அரசனுக்கு மரக்கறித் தோட்டம் போட அந்தக் காணி தேவைப்பட்டது. பதிலுக்கு வேறு காணி தருகிறேன், அல்லது காசு தருகிறேன் என்று கேட்டான். நாபோத் மறுத்தான். அது அவனுடைய முன்னோரின் முதுசம். விற்பதற்கும் மாற்றுவதற்கும் உரிய பொருளாக அவன் அதை நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எமக்குப் புதியவையல்ல. அரசி ஈசபேல் அரசனின் முத்திரையிட்டுக் கடிதங்கள் அனுப்பினாள். இரண்டு பொய்ச்சாட்சிகள் வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் அவள் எழுதியபடியே செய்தார்கள். நாபோத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லால் எறிந்து கொன்றார்கள். அரசன் காணியைப் பொறுப்பெடுக்கப் போனான். எல்லாம் எழுத்தில், முத்திரையோடு, ஒழுங்காக நடந்தது.

அங்கே கடவுள் இறைவாக்கினர் எலியாவை அனுப்புகிறார். நாபோத்தின் காணி நாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட பலி என்று எலியா சொல்லவில்லை. கொலையைக் கொலை என்றும் அபகரிப்பை அபகரிப்பு என்றும் அரசனின் முகத்துக்கு நேரே சொன்னார். விவிலியத்தின் எந்த மூலையிலும் நாபோத்தின் தோட்டம் காணிக்கை என்று அழைக்கப்படவில்லை. பறித்தது பறித்ததாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம்? காணி உறுதிகளைப் பொலித்தீன் பையில் சுற்றி, ஒவ்வொரு இடப்பெயர்விலும் பிள்ளைக்கு அடுத்ததாக அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எம் மத்தியில் இருக்கிறார்கள். "இன்னுமா காணி காணி என்கிறீர்கள், உலகப் பற்றை விடுங்கள்" என்று அவர்களுக்குப் புத்தி சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை வாசிப்பது நல்லது. எருசலேம் முற்றுகைக்குள் கிடக்கிறது. எரேமியா சிறைக் காவலில் இருக்கிறார். எதிரிப் படை சூழ்ந்து நிற்கிற அந்த நேரத்தில் அவர் அனத்தோத்து என்ற தமது ஊரில் ஒரு நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கி, சாட்சி வைத்து உறுதி எழுதி, அந்த உறுதியை நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் இட்டு வைக்கச் செய்தார். கடவுள் சொல்லித்தான் செய்தார். பொலித்தீன் பைக்கும் அந்த மண்பாண்டத்துக்கும் அதிக தூரமில்லை.

வியாழன் இரவு

அப்படியானால் இயேசுவின் சிலுவை என்ன? அதுவும் பறித்த கதைதானே?

ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஆம். சிலுவை மரணம் உரோமப் பேரரசு அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் வைத்திருந்த தண்டனை. பொய்ச்சாட்சிகள் அங்கும் வந்தார்கள். குற்றம் காணாத ஆளுநர் தன் பதவிக்குப் பயந்து கையைக் கழுவினான். நாபோத்தைப் போலவே இயேசுவும் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்த்தான் கொல்லப்பட்டார். இந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது சிலுவை ஓர் அநியாயம். உயிர்ப்பு வந்துவிட்டது என்பதற்காகப் பிலாத்து நியாயவானாகிவிடவில்லை. நாம் ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிற விசுவாச அறிக்கையில் அவனுடைய பெயர் இன்றுவரை நிற்கிறது.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு வியாழக்கிழமை இருந்ததை மறந்துவிடக் கூடாது. காவலர் இன்னும் வரவில்லை. தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை. அந்த இரவில் இயேசு தம் நண்பர்களோடு பந்தியில் இருந்து அப்பத்தைத் தம்முடைய கையில் எடுத்தார். நன்றி சொன்னார், பிட்டார், கொடுத்தார். தம் உடலையே கொடுப்பதாகச் சொல்லிக் கொடுத்தார். கிண்ணத்தையும் அப்படியே செய்தார். அதற்கு முன் தண்ணீர் எடுத்து அவர்களுடைய காலைக் கழுவினார். காட்டிக்கொடுக்கப் போகிறவனுடைய காலும் அதில் அடக்கம்.

எடுப்பதற்கு ஆட்கள் வந்து சேர முன்பே அவர் கொடுத்து முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவர்கள் பறித்தது, முதல் நாள் இரவே பிறருக்கென்று கொடுக்கப்பட்டுவிட்ட ஓர் உயிரை. தம் உயிரை எவரும் தம்மிடமிருந்து பறிப்பதில்லை, தாமே அதைக் கொடுப்பதாக யோவான் நற்செய்தியில் அவர் சொல்வது இந்த அர்த்தத்தில்தான். பலி என்பது அந்தக் கொடுத்தலில் இருக்கிறது. ஆணியடித்தவர்கள் பலி செலுத்தவில்லை, குற்றம் செய்தார்கள். ஒரே சிலுவையில் இரண்டும் நடந்தன. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதில்தான் எமது பிரசங்கங்கள் சில வேளை தவறிப் போகின்றன.

இன்னுமொன்று. பந்தி முடிந்து அவர் போன இடம் கெத்சமனி. அந்தப் பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். ஒலிவ மரங்களும் செக்கும் இருந்த தோட்டம். கமக்காரருக்குப் பழகிய இடம். அங்கே அவர் வேதனைப்பட்டு, வியர்த்து, இந்தத் துன்பம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என்று தந்தையிடம் கேட்டார். ஒரு தடவையல்ல, திரும்பத் திரும்பக் கேட்டார். துன்பம் வேண்டாம் என்று கேட்பது விசுவாசத்துக்கு விரோதம் என்றால் ஆண்டவரே அதைச் செய்திருக்கமாட்டார். "எங்களுக்கு இது போதும், எங்கள் ஊருக்கு விடுங்கள்" என்று மன்றாடுகிற தாய்மார் கெத்சமனியில்தான் நிற்கிறார்கள்.

வயலிலிருந்து வந்த சீமோன்

இந்த இடத்தில் ஒருவர் எம்மை மறித்துக் கேட்கலாம். கொடுப்பதற்கு வியாழக்கிழமை கிடைக்காதவர்கள் என்ன செய்வது? எமக்கு நேரே வெள்ளிக்கிழமைதானே வந்தது? ஷெல் விழுந்த பிறகு அப்பம் பிட்டுக் கொடுக்க நேரமா இருந்தது?

நியாயமான கேள்வி. அதற்குச் சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் ஒரு மனிதன் நிற்கிறான். சிரேனே ஊர் சீமோன். சிரேனே இன்றைய லிபியாவில் இருந்த நகரம். ஆக, பிறந்த ஊரை விட்டுத் தூரத்தில் இருந்தவன். மாற்கு நற்செய்தி அவனைப் பற்றிச் சொல்கிற சில சொற்களில் ஒன்று, அவன் நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தான் என்பது. சில மொழிபெயர்ப்புகளில் வயலிலிருந்து என்றே இருக்கிறது. வழியால் வந்தவனைப் பிடித்து, சிலுவையைச் சுமக்கும்படி கட்டாயப்படுத்தினார்கள். அவனுடைய விருப்பத்தைக் கேட்கவில்லை. உரோமப் படைவீரர் வழிப்போக்கரைப் பிடித்துப் பாரம் சுமக்க வைப்பது அந்தக் காலத்து வழக்கம். எமது நாட்டிலும் ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துச் சனங்களில் ஒரு பகுதியினரிடம் இப்படிக் கட்டாய வேலை வாங்கினார்கள். அதற்குப் பெயர் ஊழியம். அந்தச் சொல்லைத்தான் இன்று பல சபைகள் இறைபணிக்குப் பயன்படுத்துகின்றன. சொற்களும் இடம்பெயர்கின்றன போலும்.

சீமோனின் தோளில் ஏறிய பாரம் அநியாயமாக ஏற்றப்பட்டது. அதை அவன் பலியாக ஒப்புக்கொடுத்தான் என்று நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் மாற்கு ஒரு சிறு குறிப்பை விட்டுச் செல்கிறார். அவன் அலெக்சாந்தருக்கும் ரூபுக்கும் தந்தை என்கிறார். வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும் என்ற பாவனையில் எழுதுகிறார். உரோமைச் சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் முடிவில் வாழ்த்துச் சொல்லப்படுகிறவர்களிலும் ஒரு ரூபு உண்டு. அவனே இவனா என்று உறுதியாகச் சொல்ல ஏலாது. என்றாலும், கட்டாயத்தில் தொடங்கிய அந்தச் சுமை அந்தக் குடும்பத்தில் கட்டாயமாகவே முடிந்திருக்காது என்று எண்ண இடமிருக்கிறது. பாரத்தை ஏற்றியவன் ஒருவன். அதைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நடக்கிறவருக்கு என்ன செய்வது என்பது சுமக்கிறவன் கையில் இருந்தது.

எமக்கும் அந்த அளவு இடம் இருக்கிறது. பறிபோனதைக் கொடுத்ததாக மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பறிபோன பிறகும் கையில் எஞ்சி நிற்பது என்ன, அதை என்ன செய்வது என்பதிலிருந்துதான் எமது ஒப்புக்கொடுத்தல் தொடங்க முடியும்.

செலவில்லாத பலி

எஞ்சியதில் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். வயிறு நிறைந்தவர்கள் பசித்தவர்களுக்குத் தியாகம் போதிப்பது எளிது. வாகனத்தில் வந்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்துவிட்டு, சிலுவையின் மகிமையைச் சொல்லிவிட்டுப் போவோரை நாம் கண்டிருக்கிறோம். திருச்சபையின் அபிவிருத்திப் பணியில் இருக்கிற எமக்கும் அந்தச் சோதனை உண்டு.

தாவீது அரசன் இந்தச் சோதனையைக் கடந்த ஒரு நிகழ்ச்சி சாமுவேல் இரண்டாம் நூலின் முடிவில் இருக்கிறது. நாட்டில் கொள்ளைநோய். அரவுனா என்பவனுடைய சூடடிக்கும் களத்தில் பலிபீடம் எழுப்பும்படி தாவீதுக்குச் சொல்லப்பட்டது. அரவுனா தாராளமானவன். களத்தையும் எடுங்கள், பலிக்கு மாடுகளையும் எடுங்கள், விறகுக்குச் சூடடிக்கும் சாமான்களையும் எடுங்கள், சும்மா தருகிறேன் என்றான். அரசன் மறுத்தான். தனக்குச் செலவில்லாத பலியை ஆண்டவருக்குச் செலுத்தமாட்டேன் என்று சொல்லி, 50 செக்கேல் வெள்ளி கொடுத்து அந்தக் களத்தையும் மாடுகளையும் வாங்கினான். பிற்காலத்தில் எருசலேம் ஆலயம் எழுந்தது அந்தக் களத்து மேட்டிலேயே.

கமக்காரனுடைய களத்தைச் சும்மா எடுத்து அதன் மேல் பலி செலுத்துவது பலியாகாது. இது அரசருக்கும் அதிகாரிகளுக்கும் சொல்லப்பட்டது, ஆலயங்களைக் கட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஏழைகளின் பக்கத்திலோ சட்டம் வேறு விதமாக இருந்தது. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வசதியில்லாதவர் கொஞ்ச மாவு கொண்டுவந்தால் போதும் என்று லேவியர் நூல் சொல்கிறது. குழந்தை இயேசுவை ஆலயத்தில் காணிக்கையாக்கியபோது மரியாளும் சூசையும் கொண்டுபோனது ஏழைகளின் காணிக்கையான பறவைகளைத்தான். கையில் இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான் கேட்கப்படுகிறது.

ஊவாவில் ஒரு வீடு

இதுவரை சொன்னதை ஒரு மனிதருடைய வாழ்வில் வைத்துப் பார்ப்போம். வடக்கில் இதற்கு ஆட்கள் இல்லாமல் இல்லை. 1984 டிசெம்பரில் கொல்லப்பட்ட மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம், 1985 ஜனவரியில் வங்காலையில் கொல்லப்பட்ட பங்குத்தந்தை மேரி பஸ்தியான், 2009 மே மாதம் இறுதிவரை மக்களோடு நின்று, வெளியேறும் வழியில் உயிர்விட்ட அருட்தந்தை சரத்ஜீவன் ஆகியோரை எமது சனங்கள் அறிவார்கள். ஆயினும் நாம் அதிகம் கேள்விப்படாத ஒருவரை இங்கே சொல்ல விரும்புகிறோம். அவர் தெற்கில், சிங்கள பௌத்த கமக்காரர் நடுவில் வாழ்ந்தவர்.

அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ 1927 இல் பிறந்தவர். அமலமரித் தியாகிகள் சபைக் குரு. கலாநிதிப் பட்டம் பெற்று, கண்டியில் குருமாணவர்களுக்குப் படிப்பித்தவர். விரும்பியிருந்தால் வாழ்நாள் முழுவதும் புத்தகங்களோடு இருந்திருக்கலாம். 1980 இல் அவர் ஊவாவின் வரண்ட பகுதியான புத்தளைக்குப் போனார். (எமது புத்தளம் வேறு, மொனராகலைப் பக்கத்துப் புத்தளை வேறு.) அங்கே அலுகலவிட்ட என்ற கிராமத்தில் ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார். அதற்குச் சுப செத் கெதர என்று பெயர். நல்லாசி இல்லம் என்று தமிழில் சொல்லலாம்.

சுற்றிவர இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பௌத்தர்கள். மதம் மாற்ற வந்திருக்கிறார் என்ற சந்தேகம் தொடக்கத்தில் இருந்தது. அவர் மாற்றுவதற்கு வரவில்லை. அவர்களிடம் கற்பதற்கும் அவர்களோடு இருப்பதற்கும் வந்தார். பசளையும் கிருமிநாசினியும் கடன் சுமையாகி வந்த காலத்தில் இயற்கை முறையில் கமம் செய்வதைப் பற்றிப் பேசினார்கள். நாட்டு மூலிகைகளைச் சேகரித்தார்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். அந்தக் காலத்தில் அப்பகுதியில் சீனித் தொழிற்சாலைக்கான கரும்புச் செய்கைக்குப் பெருமளவு நிலம் எடுக்கப்பட்டது. சேனை செய்து பிழைத்தவர்கள் நிலமிழந்தார்கள். றொட்றிகோ அடிகளார் அவர்களின் பக்கத்தில் நின்று பேசினார், எழுதினார். நாபோத்தின் கதை அங்கும் நடந்துகொண்டிருந்தது.

1987 ஆம் ஆண்டில் தெற்கே கிளர்ச்சியும் அடக்குமுறையும் மூண்டன. கிராமத்து ஏழைகளோடு நிற்கிறவர்கள் இரு பக்கத்துக்கும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். அவருக்கு மிரட்டல் வந்தது. போய்விடலாமா, இருப்பதா என்ற கேள்வி அந்த வீட்டில் பேசப்பட்டது. அவருக்குப் போக இடம் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். கண்டியும் கொழும்பும் திறந்திருந்தன. கிராமத்து மக்களுக்குத்தான் போக இடமில்லை. அவர் தங்கினார். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்த வீட்டில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

சுட்டவர்கள் ஓர் உயிரைப் பறித்தார்கள். அது கொலை, அதற்கு வேறு பெயர் இல்லை. அவருடைய ஒப்புக்கொடுத்தலோ அந்த மாலை தொடங்கியதன்று. 1980 இல் மூட்டை கட்டிக்கொண்டு புத்தளைக்குப் போன நாளிலேயே தொடங்கிவிட்டது. ஏழு வருடம் அது மூலிகைத் தோட்டத்திலும் பிள்ளைகளின் பாடத்திலும் சிறுகச் சிறுக நடந்துகொண்டிருந்தது.

கீழே போகிற முளை

ஆன்மீக வளர்ச்சி என்று சொல்லும்போது நாம் மேலே எழும்புகிற ஒன்றை எண்ணிக்கொள்கிறோம். நீண்ட செபம், உரத்த பாட்டு, கண்ணீர். இவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கியவர்களுக்குத் தெரியும், முளை முதலில் மேலே வராது. கீழ்நோக்கித்தான் போகும். மேலே இருந்து பார்க்கிறவருக்குப் பாத்தியில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். உள்ளே கிழங்கு விழுந்துகொண்டிருக்கும். கொட்டையைப் பிளந்தால் பூரான் இருக்கும். முளைக்குத் தேவையானதைக் கொட்டை தன்னிலிருந்து கொடுத்து, கடைசியில் வெறும் கூடாகிறது. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி ஆண்டவர் சொன்னபோது கலிலேயாக் கமக்காரருக்குக் கோதுமை கண்முன் நின்றது. எமக்கு நெல்லும் பனையும் நிற்கின்றன.

இடப்பெயர்வுக் காலங்களில் எமது சனங்களிடம் இந்தக் கீழ்நோக்கிய வளர்ச்சியைக் கண்டிருக்கிறோம். தண்ணீர் பவுசர் வந்து நிற்கும்போது கைக்குழந்தைக்காரியை முன்னே விடுவது ஒரு சின்ன வேலை. நாற்பது பேர் பின்னுக்கு நின்று கத்துகிற வரிசையில் அது சின்ன வேலையல்ல. மடு ஆலய வளவு 1990 முதல் பல ஆண்டுகள் பெரும் அகதி முகாமாக இருந்தபோது அங்கே கத்தோலிக்கரும் சைவரும் ஒரே மரநிழலில் அடுப்பு மூட்டினார்கள். மடு மாதாவின் திருச்சுரூபமே இடம்பெயர்ந்த சுரூபம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து குடும்பங்கள் அதைக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மறுபடியும் அதைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதே ஆண்டு அது மடுவுக்குத் திரும்பியது.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்லாமல் போனால் இக்கட்டுரை பாதிதான். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் வீடு, வயல், கடை எல்லாவற்றையும் விட்டு மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தார்கள். பறிபோனது அவர்களுக்கும் பறிபோனதுதான். பறித்தது எம் பெயரால் செய்யப்பட்டது. அவர்கள் திரும்பி வந்து வேலியைத் தேடியபோது, அந்த நிலத்தை இடையில் யாரோ செய்திருந்தார்கள். அந்த யாரோ எம்மில் ஒருவராக இருந்தால், எல்லைக்கல்லை உரிய இடத்தில் திரும்ப நடுவது தியாகமோ தருமமோ ஆகாது. அது கடன். கடனைத் தீர்த்த பிறகே காணிக்கை. பீடத்தண்டை நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்றுதான் ஆண்டவர் படிப்பித்தார்.

கூடையும் கதையும்

எமது ஊர்களில் புதிர் எடுக்கிற வழக்கம் உண்டு. முதல் நெல்லைக் குற்றிப் பொங்கி, படைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம். இஸ்ரயேலருக்கும் அப்படி ஒரு முறை இருந்தது. இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. முதல் விளைச்சலைக் கூடையில் வைத்துக் கொண்டுபோய்க் குருவிடம் கொடுக்க வேண்டும். சும்மா கொடுத்துவிட்டு வர முடியாது. கூடையை வைத்துவிட்டு ஒரு கதையைச் சொல்ல வேண்டும். தன் முன்னோர் நிலையான ஊரில்லாமல் அலைந்ததையும், அந்நிய நாட்டில் ஒடுக்கப்பட்டதையும், கூக்குரலிட்டதையும், கடவுள் கேட்டு வெளியே கொண்டுவந்ததையும் கமக்காரன் தன் வாயால் சொல்ல வேண்டும். அதாவது இடம்பெயர்ந்த கதை காணிக்கையின் ஒரு பகுதி. அதை மறைக்கச் சொல்லவில்லை, இனிப்பாக்கிச் சொல்லவும் இல்லை. சொல்லி முடித்த பிறகு, அந்த விளைச்சலில் ஊரில் தங்கியிருக்கும் அந்நியரும் சேர்ந்து மகிழ வேண்டும் என்று சட்டம் முடிகிறது. பவுல் உயிர்த்த கிறிஸ்துவை முதற்கனி என்று அழைக்கும்போது இந்தக் கூடையைத்தான் மனதில் வைத்திருக்கிறார். ஒரு கூடை வந்துவிட்டதென்றால் வயலில் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தத் தவக்காலத்தில் எமது சங்கங்களில் பேசிப் பார்க்க ஒரு யோசனை. போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் காணி முழுவதும் திரும்பக் கிடைக்காதவர்களும், குத்தகைக்கு வயல் எடுத்து ஒவ்வொரு போகமும் விதைநெல்லுக்குக் கடன்படுகிறவர்களும் எமது ஊர்களில் இருக்கிறார்கள். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் வேண்டும். ஒரு புசல் ஏறக்குறைய 20 கிலோ. இந்த முறை சாக்குக் கட்டும்போது, சொந்த விதைநெல்லை எடுத்து வைக்கிறவர்கள் மேலதிகமாக ஒரு புசல் எடுத்து வைக்கலாம். வாங்குகிறவர் அடுத்த வெட்டுக்குப் பிறகு அதே ஒரு புசலைத் திருப்பித் தந்தால் போதும், வட்டியில்லை. அது கொடுத்தவருக்குப் போகாமல் அடுத்த குடும்பத்துக்குப் போகட்டும்.

விதைக்கென்று கொடுப்பது விதையாகவே இருக்க வேண்டும். பதர் நீக்கித் தூற்றி, ஒரே இனமாக வையுங்கள். மொட்டைக்கறுப்பனோடு ஆட்டக்காரியைக் கலந்துவிடாதீர்கள். நடுப்பகல் வெயிலில் சுடுகிற சீமெந்துத் தரையில் மெல்லியதாகப் பரப்பினால் முளைதிறன் கெடும், பாயில் அல்லது படங்கில் காய விடுங்கள். பல்லில் கடித்தால் கடக்கென்று உடைய வேண்டும். சாக்கை நிலத்தில் வைக்காமல் பலகை போட்டு அதன் மேல் அடுக்குங்கள். விதைப்புக்கு முன் நூறு மணியை எண்ணி ஈரச் சாக்குத் துண்டில் சுற்றி வைத்துப் பாருங்கள். 85 மணிக்குக் குறையாமல் முளைத்தால் நல்லது. புரட்டாசி பிறக்க முன் சங்கத்தின் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தால் மழைக்கு முன் பிரித்துக் கொடுக்கலாம். சாக்கின் மேல் இனத்தின் பெயரையும் வெட்டிய திகதியையும் எழுதி, உள்ளேயும் ஒரு துண்டு போட்டுக் கட்டுங்கள். கொடுத்தவருடைய பெயர் எழுதத் தேவையில்லை, கொப்பியில் புசல் கணக்கு மட்டும் இருந்தால் போதும்.